மெஷினுக்குக் கீழே இருக்கும் அந்தப் பை

தையல் மெஷின் இருக்கிற வீட்டில், பெடலுக்குப் பக்கத்தில் ஒரு துணிக்கடைப் பை அநேகமாக இருக்கும். திறந்து பாருங்கள். லைனிங்கோடு சேர்த்துச் சுருட்டிய பிளவுஸ் முன்பாகம் இரண்டு, டாட் (உடம்பு வாகுக்காகப் பிடிக்கும் கூர்மடிப்பு) மட்டும் பிடித்தது. கை ஏற்றாத ஒரு சுடிதார் டாப். ஃபால்ஸ் ஒரு ஓரம் மட்டும் ஓட்டிய காட்டன் சேலை. குழந்தைக்கென்று வெட்டிய பாவாடை. அந்தக் குழந்தை அதற்குள் இரண்டு வகுப்பு தாண்டியிருக்கும். சாக் கோடு பாதி அழிந்திருக்கும். குத்தி வைத்த குண்டூசியைச் சுற்றிப் பழுப்பாக ஒரு துருப் புள்ளி.

வீட்டில் சாமானைக் குறைத்து நிம்மதியாக இருக்கலாம் என்று தொடங்குகிறவர்கள் முதலில் பரணில்தான் ஏறுவார்கள். என்னைக் கேட்டால் இந்தப் பையைத்தான் முதலில் எடுக்கச் சொல்வேன். பரணில் கிடக்கும் பழைய அண்டா இடத்தை அடைக்கிறதே தவிர நம்மிடம் எதையும் கேட்பதில்லை. பையில் இருக்கிற ஒவ்வொரு துணியும் மெஷினில் உட்காரும்போதெல்லாம் "என்னை எப்போ?" என்று கேட்கிறது. அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பலர் மெஷினைத் திறப்பதையே விட்டுவிடுகிறார்கள்.

பாதியில் நின்றதைச் சோம்பல் என்று நம்மை நாமே திட்டிக்கொள்வது வழக்கம். வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தால் அப்படி இல்லை. வேலை கண்ட இடத்தில் நிற்பதில்லை; நிற்கிற இடங்கள் நாலைந்துதான். கை ஏற்றும் இடம் ஒன்று. மெஷினை விட்டு எழுந்து ஊசியும் நூலுமாக உட்கார வேண்டிய ஹூக், ஹெம்மிங் இன்னொன்று. அளவு சரியா என்ற சந்தேகம் வந்த இடம் மூன்றாவது. நூல் கலர் கிடைக்கவில்லை, லைனிங் கால் மீட்டர் போதவில்லை, ஹூக் தீர்ந்துவிட்டது என்று சின்னச் சாமானுக்காக நின்றவை இன்னொரு கூட்டம். கடைசியாக, தப்பாகத் தைத்துவிட்டு, பிரிக்க மனம் வராமல் சுருட்டி வைத்தவை. பத்து வேலையும் ஒரே மாதிரிப் பாதியாகத் தெரிந்தாலும் ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. பத்து ரூபாய் நூல்கண்டு இல்லாமல் நிற்கிற டாப்பையும், கழுத்து இழுபட்டுப்போன பட்டு பிளவுஸையும் ஒரே மூட்டையில் வைத்துப் பார்ப்பதால்தான் மொத்தமும் மலையாகத் தெரிகிறது.

ஆகவே முதல் நாள் தைக்கவே வேண்டாம். ஒரு மதியம், இரண்டு மணி நேரம் ஒதுக்கி எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டுங்கள். பீரோவில் ஃபால்ஸ் வைக்காமல் கிடக்கும் சேலை, பிரித்துவிடக் கேட்டு வாங்கி வைத்த நைட்டி, ஜிப் போன பை, எல்லாமே வரட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டுக் காகிதம். அதில் நாலு விஷயம்: யாருக்கு, எந்த இடத்தில் நிற்கிறது, என்ன சாமான் இல்லை, முடிக்க எத்தனை நிமிடம். நிமிடத்தைக் கட்டாயம் எழுதுங்கள். மனதுக்குள் "ரொம்ப வேலை இருக்கு" என்று இருப்பது, எழுதிப் பார்த்தால் பல நேரம் நாற்பது நிமிடமாக இருக்கும். பழகிய கைக்கு ஆறு ஹூக்கும் ஆறு நூல் வளையமும் அரை மணி நேரம். இரண்டு கை ஏற்றி இரு பக்கமும் பிடிக்க ஒரு மணி நேரம். ஃபால்ஸ் கையால் முழுக்க வைக்க ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. தையல் புதிது என்றால் இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

காகிதத்தைக் குண்டூசியால் குத்தாதீர்கள், நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் துருப்பிடித்துவிடும். துணி காயப்போடும் பிளாஸ்டிக் கிளிப் போதும். ஏற்கெனவே துரு ஏறிய வெள்ளைக் காட்டனில் எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து, வெயிலில் கொஞ்ச நேரம் வைத்து அலசினால் பெரும்பாலும் போய்விடும். பட்டிலும் ஜரிகையிலும் இதைச் செய்யக் கூடாது.

இப்போது எதை முதலில் எடுப்பது? ஆசையாக இருப்பதையோ விலை கூடியதையோ எடுக்கத் தோன்றும். முடிவதற்கு மிகக் குறைந்த நிமிடம் இருப்பதை எடுங்கள். அப்போது திறந்து கிடக்கும் வேலைகள் சீக்கிரம் குறையும். அதனால் என்ன லாபம் என்பதற்கு ஒரு கணக்கும் இருக்கிறது. ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961இல் நிரூபித்த ஒரு விதி, வரிசையில் நிற்கும் வேலைகளைப் பற்றியது. திறந்து கிடக்கும் வேலைகளின் எண்ணிக்கையை, ஒரு வாரத்தில் முடிகிற வேலைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை தொடங்கி முடியச் சராசரியாக எத்தனை வாரம் ஆகும் என்பது கிடைக்கும். வாரத்துக்கு ஒன்று முடிக்கிற கைக்கு, பன்னிரண்டு திறந்து கிடந்தால் ஒவ்வொன்றுக்கும் சராசரி பன்னிரண்டு வாரம். மூன்று மட்டும் திறந்திருந்தால் மூன்று வாரம். கையின் வேகம் அதேதான், உழைப்பும் அதேதான். வரிசை நீளம்தான் மாறியது. ஐப்பசியில் தீபாவளிக்கு உடுத்த வேண்டியதை ஆடியில் வெட்டியும் முடியாமல் போவதற்கு இதுதான் காரணம். நடுவில் இன்னும் எட்டு வெட்டியிருப்போம்.

குறைந்த நிமிட வேலைகளுக்கு முன்னால் நிற்கத் தகுந்தது ஒன்று மட்டும் உண்டு: குழந்தைகளின் துணி. நாலு வயதுக்கு மேல் ஒரு குழந்தை வருடத்துக்கு ஏறக்குறைய 5 முதல் 6 செ.மீ. உயரும். பெரியவர்களின் பிளவுஸை இரண்டு வருடம் கழித்தும் பக்கம் பிரித்துச் சரி செய்யலாம். ஆறு மாதம் தள்ளிப்போன பட்டுப் பாவாடைக்கு, மடித்துத் தைக்க உள்ளே நிறையத் துணி விட்டிருந்தால்தான் பிழைப்பு.

காகிதம் எழுதும்போதே சிலவற்றை விட்டுவிட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். எதை விடலாம்? அளவு மாறி, பக்கத்தில் மார்ஜினும் (தையலுக்கு உள்ளே விட்டிருக்கும் கூடுதல் துணி) இல்லாதது. கை வந்து சேரும் வளைவான கைக்குழியை ஆழமாக வெட்டிவிட்டது. உள்ளே தள்ளி வெட்டிய துணியை எந்தத் தையலாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. துணியே இப்போது பிடிக்காதது. மடிப்பு ஓரத்தில் இழை விட்டுப்போன பழைய பட்டு; இரண்டு விரலால் பிடித்து லேசாக இழுத்தால் சரசரவென்று விடும், அதில் ஊசி ஏற்றினால் கிழியும். "இவ்வளவு தூரம் தைத்துவிட்டோமே" என்பது முடிப்பதற்குக் காரணமாகாது. தைத்த நேரம் போனது போனதுதான், இனிமேல் போடப்போகும் நேரத்தை மட்டும் கணக்குப் பாருங்கள். இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. விடுவதென்று முடிவு செய்த துணியைச் சுருக்குப் பை தைக்கலாம், கால்மிதி பின்னலாம் என்று தனியாக எடுத்து வைக்காதீர்கள். அது இன்னொரு பாதி வேலையாக அதே பைக்குள் போய் உட்காரும். ஹூக், ஜிப், நல்ல லேஸ் இவற்றை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டு மீதியை அன்றைக்கே வீட்டை விட்டு அனுப்பிவிடுங்கள்.

வெளியே டெய்லரிடம் கொடுத்து முடிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஹூக், ஹெம்மிங், பீக்கோ (சேலை ஓரம் அடிப்பது), ஓவர்லாக் (வெட்டிய ஓரம் பிரியாமல் அடிப்பது) என்றால் தயங்காமல் கொடுங்கள். பாதி தைத்த பிளவுஸை மட்டும் பலர் வாங்க மாட்டார்கள். அடுத்தவர் வெட்டியதில் மார்ஜின் எவ்வளவு, டாட் எந்தக் கணக்கில் வந்தது என்பது தெரியாது. போட்டுப் பார்த்துச் சரியில்லை என்றால் பழி அவர்கள் மேல் வரும். அவர்கள் மறுப்பது நியாயம்.

இனி, பாதியில் நின்ற ஒரு லைனிங் பிளவுஸை எப்படி உயிர்ப்பிப்பது என்று முழுதாகப் பார்க்கலாம். அதில் தேர்ந்துவிட்டால் மற்றவை சுலபம்.

நேராக மெஷினில் வைத்து விட்ட இடத்திலிருந்து ஓட்டுவதுதான் பெரிய தவறு. மாதக்கணக்கில் சுருண்டு கிடந்த துணி, வெட்டிய அன்று இருந்த துணி இல்லை. கழுத்தும் கைக்குழியும் வளைந்து வெட்டுப்படுகிற இடங்கள். அங்கே வெட்டு இழைக்குச் சாய்வாக, க்ராஸாக இருப்பதால் துணி இழுபட்டு நீளும். தொங்கவிட்டு வைத்திருந்தால் இன்னும் மோசம். முதலில் எல்லாப் பாகத்தையும் தட்டையாக அயர்ன் செய்யுங்கள். பெட்டியைத் தேய்த்து இழுக்காமல் தூக்கித் தூக்கி வைத்து எடுங்கள். அதற்கும் முன்னால் சாக் கோடுகளைப் பார்த்துவிட வேண்டும். மெழுகு கலந்த சாக் சூட்டில் உருகித் துணியில் கறையாக இறங்கும். தண்ணீரில் அழியும் பேனாவால் போட்ட கோடு, சூடு பட்டால் அழியாமல் நின்றுவிடும். காற்றில் தானாக மறையும் பேனா என்றால் கோடு இரண்டு நாளிலேயே போயிருக்கும். டாட் முனை, கையின் நடுப்புள்ளி, முன்பக்கம் எது என்ற குறி ஆகிய மூன்றையும் அயர்ன் செய்வதற்கு முன்பே நூலால் ஒரு தையல் போட்டுக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்து அளவு. அன்று எழுதி வைத்த அளவை நம்ப வேண்டாம். இன்று நன்றாகப் பொருந்துகிற ஒரு அளவு பிளவுஸை எடுத்து, பின்பாகத்தை அதன் பின்பாகத்தின் மேல் விரித்துப் பாருங்கள். ஷோல்டர், மார்புச் சுற்று, இடுப்பு, உயரம் நாலும் பார்த்தால் போதும். பக்கத்துக்கு ஒன்றரை இன்ச் மார்ஜின் விட்டு வெட்டியிருந்தால், நாலு ஓரமும் சேர்த்துச் சுற்றளவில் ஆறு இன்ச் வரை கையிருப்பு இருக்கிறது. அத்தனையையும் வெளியே விட்டால் பிடித்துத் தைக்க இடமிருக்காது. நாலு இன்ச் வரை தாராளமாக விடலாம். அளவு சந்தேகத்தால் நின்ற பிளவுஸ்களில் பல இந்த ஐந்து நிமிடப் பரிசோதனையில் தெளிந்துவிடும்.

கழுத்து நீண்டிருக்கிறதா என்று பார்க்க, பிளவுஸை நடுவில் மடித்து டேப்பை ஓரத்தில் நிமிர்த்திப் பிடித்து வளைவோடு அளக்க வேண்டும். பேப்பர் கட்டிங் (காகிதத்தில் வெட்டி வைத்த மாதிரி) இருந்தால் அதோடு ஒப்பிடுங்கள். பாதிக் கழுத்தில் கால் இன்ச் கூடியிருந்தால் பயமில்லை. ஓரத்திலிருந்து அரைக்கால் இன்ச் தள்ளி, தையல் நீளத்தை 4 மி.மீ. வைத்து ஒரு வரி ஓட்டி, அடிநூலை லேசாக இழுத்து, ஈரத்துணி போட்டு அயர்ன் செய்தால் உட்கார்ந்துவிடும். அதற்கு மேல் கூடியிருந்தால், கழுத்து ஓரத்தில் வைத்துத் தைக்கும் பைப்பிங் பட்டியின் உதவி வேண்டும். ஒன்றேகால் இன்ச் அகலத்தில் க்ராஸாக வெட்டிய பட்டியை, கழுத்துச் சுற்றைவிட அரை இன்ச் குறைவாக எடுத்து, வளைவு வரும் இடங்களில் மட்டும் பட்டியைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துத் தைக்கலாம். இழுபட வேண்டியது பட்டிதான், பிளவுஸ் துணியை இழுத்துவிடக் கூடாது. அடுத்த முறை வெட்டும்போது, வெட்டிய கையோடு கழுத்திலும் கைக்குழியிலும் ஓரத்திலிருந்து கால் இன்ச்சுக்குள் ஒரு சாதாத் தையல் ஓட்டி வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே வராது. ஐந்து நிமிட வேலை அது.

மெஷினும் அத்தனை நாள் சும்மா நின்றிருக்கும். புது ஊசி போடுங்கள்: பட்டு, மெல்லிய துணிக்கு 11, காட்டனுக்கு 14, ஜீன்ஸ் போன்ற கனத்துக்கு 16. மெஷின் எண்ணெயை ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு விட்டு, பழைய துணியில் ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். மீந்த எண்ணெய் அதில் இறங்கிவிடும். அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது நாளாக ஆகப் பிசினாகி மெஷினையே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பிறகு அதே துணியின் துண்டில், லைனிங்கோடு சேர்த்து, 2.5 மி.மீ. தையலில் நாலு இன்ச் ஓட்டிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் நூல் வளையம் வளையமாக வந்தால் எல்லோரும் அடிநூல் சுற்றிய பாபினைக் கழற்றுவார்கள். பெரும்பாலும் குற்றம் மேல்நூலில் இருக்கும். துணியை அழுத்தும் ஃபுட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு, நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவில் நூல் உட்காரும்படி மறுபடி கோர்த்துவிடுங்கள். பழைய காட்டன் நூல்கண்டாக இருந்தால் ஒரு முழம் எடுத்துச் சுண்டிப் பாருங்கள். சட்டென்று அறுந்தால் அந்த நூலைத் தூரப் போட வேண்டியதுதான், அதை வைத்துத் தைத்தால் கையைத் தூக்கும்போது அக்குளில் விட்டுப்போகும்.

வேலை நிற்கிற இடங்களில் கை ஏற்றும் இடம் ஒன்று என்று சொன்னேன். அங்கே நடப்பது இதுதான். கையை வைத்தால் ஒரு பக்கம் துணி மிஞ்சும், இன்னொரு பக்கம் போதாது. கோபத்தில் இழுத்துத் தைத்தால் தோளில் சுருக்கம் விழும். பிரித்து இரண்டாவது முறை தைத்தும் அப்படியே வந்தால் சுருட்டி வைத்துவிடுகிறோம். பல நேரம் காரணம், வலது கை இடது பக்கம் போயிருக்கும். கையின் மேல் வளைவை நடுவில் மடித்துப் பாருங்கள். ஒரு பாதி கூடுதலாகக் குடைந்திருக்கும்; அந்தக் குடைவுதான் பிளவுஸின் முன்பாகத்துக்குப் போக வேண்டும். இரண்டு கையையும் நல்ல பக்கம் நல்ல பக்கமாக ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் குடைவுகள் ஒரே திசையில் வர வேண்டும். எதிரெதிராக வந்தால் இரண்டு கையும் ஒரே பக்கத்துக்கு வெட்டப்பட்டுவிட்டன என்று பொருள். வலது இடது பார்க்காமல் துணியை ஒரே முகமாக வைத்து வெட்டினால் நேர்வது இது. இரண்டு முகமும் ஒரே மாதிரி இருக்கிற துணி என்றால் ஒரு கையைத் திருப்பிப் போட்டுத் தப்பித்துவிடலாம்.

திசை சரி என்றால் டேப்பை எடுங்கள். கைக்குழியை ஷோல்டரிலிருந்து முன்பாதி, பின்பாதி என்று தனித்தனியாகவும், கையின் வளைவை நடுப்புள்ளியிலிருந்து இரண்டு பாதியாகவும் அளந்து எழுதுங்கள். கை மொத்தத்தில் அரை இன்ச் வரை கூடியிருப்பது நல்லது. அதை மேல்பக்கம் விரலால் அமுக்கி அமுக்கிச் சேர்த்துவிடலாம். கை குறைவாக இருந்தால் இழுக்காதீர்கள். பக்கத்தை உள்ளே தள்ளிப் பிடித்துக் கைக்குழிச் சுற்றைக் குறைக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். நடுப்புள்ளியை ஷோல்டர் தையலில் வைத்து, அங்கிருந்து முன்பக்கம் ஒரு முறை, மறுபடி அங்கிருந்தே பின்பக்கம் ஒரு முறை என்று இரண்டு ஓட்டமாகத் தைத்தால் எந்தப் பக்கமும் ஏமாற்றாது. ஒரு ஓரத்தில் தொடங்கி மறு ஓரம் வரை ஒரே மூச்சில் ஓட்டினால் எல்லாப் பிழையும் சேர்ந்து கடைசி இரண்டு இன்ச்சில் வந்து நிற்கும்.

பிரிக்க வேண்டி வந்தால் ஒவ்வொரு தையலாகக் குத்தி எடுக்க வேண்டாம். ஒரு பக்கத்தில் நாலு தையலுக்கு ஒன்றாகச் சீம் ரிப்பரால் (தையலை அறுக்கும் சின்னக் கருவி) அறுத்துக்கொண்டே போய், துணியைத் திருப்பி மறுபக்க நூலைப் பிடித்து இழுத்தால் ஒரே நூலாக வந்துவிடும். ஒரு கையைப் பிரிக்க ஐந்து நிமிடம் போதும். மாதக்கணக்கில் தள்ளிப்போட்டது இந்த ஐந்து நிமிடத்தைத்தான்.

இனி ஹூக்கும் ஹெம்மிங்கும். இவை கடைசியில் வருவதால் நிற்கின்றன. மெஷின் வேலை முடிந்ததும் "பிளவுஸ் ஆயிற்று" என்று மனம் கணக்கை முடித்துவிடும், மிச்சமிருக்கிற கைவேலை யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும். வேலையின் வரிசையை மாற்றினால் இது தீரும். ஷோல்டர் சேர்த்து, கழுத்துப் பட்டி வைத்ததும், பக்கம் பிடிப்பதற்கு முன்பாகவே கழுத்து ஹெம்மிங்கையும் ஹூக்கையும் முடித்துவிடுங்கள். அப்போது பிளவுஸ் ஒரே தட்டையான துணியாக மடியில் விரிந்து கிடக்கும், பிடிக்கச் சுலபம், ஊசி மறுபக்கத் துணியைச் சேர்த்துக் கவ்வாது. கையின் வாயும் அப்படித்தான்: ஏற்றுவதற்கு முன்பே மடித்து ஹெம்மிங் செய்துவிட வேண்டும். பின்பாகத்தின் கீழ் மடிப்பும் அதோடு முடியட்டும். எல்லாம் ஆன பிறகு கை ஏற்றி, கை வாயிலிருந்து இடுப்பு வரை ஒரே நேர்கோடாகப் பக்கம் பிடித்தால், கடைசி வேலை மெஷின் வேலையாக, பதினைந்து நிமிடத்தில் முடிகிற வேலையாக இருக்கும். கண்ணெதிரில் முடிவு தெரிகிற வேலையை யாரும் சுருட்டி வைப்பதில்லை. பக்கத்தைப் பிரித்து விடுவதும் இறுக்குவதும் பிற்காலத்தில் சுலபம் என்பது கூடுதல் லாபம்.

ஹூக் வைக்கும்போது ஒன்றேகால் இன்ச்சுக்கு ஒன்று என்று முதலில் மேல் முனையையும் கீழ் முனையையும் குறித்துவிட்டு, நடுவைச் சமமாகப் பிரியுங்கள். மேலிருந்து அளந்துகொண்டே வந்தால் கடைசி ஹூக் பட்டியில் நிற்காது. மார்பின் நேர்நடுவில் கட்டாயம் ஒன்று வர வேண்டும், இல்லாவிட்டால் அங்கே வாய் பிளக்கும். நூல் வளையத்தை எதிர்ப் பட்டியில் வைத்து முடித்ததும் எல்லாவற்றையும் மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் கீழே இறங்கியிருந்தால் அந்த இடத்திலேயே ஒன்றிரண்டை மாற்றிவிடலாம்.

சேலை ஃபால்ஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புது ஃபால்ஸை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, உலர்த்தி, அயர்ன் செய்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். நேராக வைத்தால் முதல் துவைப்பில் ஃபால்ஸ் சுருங்கிச் சேலையின் ஓரம் முழுக்கச் சுருக்கம் விழுந்துவிடும். கீழ் ஓரத்தை மெஷினில் ஓட்டலாம். மேல் ஓரம் கையால்தான், சேலையில் ஒன்றிரண்டு இழையை மட்டும் கவ்வி, நல்ல பக்கம் தெரியாதபடி. நாலு சேலை தேங்கியிருந்தால் நாலையும் நூல் நிறப்படி வரிசையாக வைத்து, மாலையில் பேச்சுக் கச்சேரி நடக்கும்போது ஒன்றொன்றாக முடியுங்கள்.

நூல் நிறம் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஒரே நூலில் தைக்கக்கூடியவற்றை அடுத்தடுத்துத் தையுங்கள். ஒவ்வொரு தடவையும் நூல் மாற்றி, பாபின் சுற்றுவது சின்ன வேலைதான், ஆனால் "அப்புறம் பார்க்கலாம்" என்று எழுந்துபோக வைப்பது அந்த மாதிரிச் சின்ன வேலைகள்தான். சரியான நிறம் கிடைக்காவிட்டால் ஒரு சாயல் அடர்த்தியான நூலை எடுங்கள். கண்டில் பார்ப்பதைவிடத் தைத்த பிறகு நூல் வெளிறித் தெரியும். உள்தையலுக்கு வெள்ளை, கறுப்பு, சாம்பல், சந்தன நிறம் நாலு இருந்தால் அநேகத் துணிக்குப் போதும். நூற்றுக்கணக்கான கலர்க் கண்டு சேர்ப்பது தையல் வேலைக்கு உதவுவதில்லை.

ஒரு நாளைக்கு நாற்பது நிமிடம் என்று வைத்துக்கொண்டால், கடைசி ஐந்து நிமிடம் தைக்காதீர்கள். அடுத்து ஓட்ட வேண்டிய தையலைக் கிளிப் போட்டுத் தயாராக வையுங்கள். பாபினைச் சுற்றி நிரப்புங்கள். துண்டுக் காகிதத்தில் ஒரு வரி எழுதுங்கள்: "இடது கை ஏற்றியாச்சு, வலது கை நடுப்புள்ளி ஷோல்டரில் கிளிப் போட்டிருக்கு, முன்பக்கம் முதலில்." மறுநாள் உட்கார்ந்ததும் யோசிக்க எதுவும் இருக்கக் கூடாது. மெஷினை மூடி, மேலே துணி மூட்டை அடுக்கி வைக்கிற வழக்கமும் போக வேண்டும். திறந்து வைக்க இடமில்லாத வீடு என்றால், குறைந்தபட்சம் அயர்ன் பாக்ஸ், கத்தரி, காகிதம் ஒட்டிய துணி மூன்றும் ஒரே தட்டில் இருக்கட்டும்.

பை காலியான பிறகு அது மறுபடி நிறையாமல் காப்பது ஒரே இடத்தில் இருக்கிறது: கத்தரி. மடித்து வைத்த துணி எத்தனை வருடமும் துணியாகவே இருக்கும். கத்தரி வைத்த நிமிடத்தில் அது வேலையாகிவிடுகிறது. அதனால் ஒரு நேரத்தில் வெட்டிய நிலையில் இரண்டுதான் இருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மெஷின் வேலையில், ஒன்று கைவேலையில். மூன்றாவதை வெட்ட ஆசை வந்தால் இரண்டில் ஒன்று முடிய வேண்டும். அக்கம்பக்கத்தில் யாராவது "ஒண்ணே ஒண்ணு தைச்சுக் கொடுங்கக்கா" என்று நீட்டினாலும் இதேதான். வாங்கி வைக்காமல், "இது முடிஞ்சதும் நானே கேக்கறேன்" என்று சொல்லித் துணியை அவர்கள் வீட்டிலேயே இருக்கவிடுங்கள்.

வெட்டுவதற்கு முன் ஒரு பையில் எல்லாம் சேர்ந்திருக்க வேண்டும். பிளவுஸ் துணி 80 செ.மீ. இருக்கிறதா, உடம்பு வாகு பெரிது, கை நீளம் என்றால் ஒரு மீட்டர் வேண்டும். லைனிங் ஒரு மீட்டர், இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறி உலர்ந்தது. காட்டன் லைனிங் மீட்டருக்கு மூன்று செ.மீ.க்கு மேலும் சுருங்கக்கூடியது, ஊறவைக்காமல் தைத்தால் முதல் துவைப்பிலேயே மேல்துணி உப்பிக்கொண்டு நிற்கும். நூல், ஹூக், பைப்பிங் கயிறு, முதுகில் கட்டும் நாட் வைப்பதென்றால் அதற்குக் குஞ்சம். தேதி போட்ட அளவுச் சீட்டு. இதில் ஒன்று இல்லையென்றாலும் கத்தரியை எடுக்காதீர்கள். ஆடித் தள்ளுபடியில் வாங்கிய பத்து பிட்டும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வெட்டி வைத்தால் வேலை சுருக்கென்று முடியும் என்று தோன்றும். தொழிலாகத் தைக்கிற கடைக்கு அது சரி, வெட்ட ஒருவர், தைக்க ஒருவர், ஹெம்மிங் பார்க்க ஒருவர் இருப்பார்கள். வீட்டில் மூன்று பேரும் நீங்களே.

வெட்டாத துணிக்கும் ஒரு அளவு வையுங்கள். பீரோவில் ஒரு தட்டு, அவ்வளவுதான். கஞ்சி போட்டு மடித்து வைக்க வேண்டாம், கஞ்சிக்கு ராமபாணப் பூச்சி வரும். பட்டை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பு மாற்றுங்கள், ஜரிகை மடிப்பு ஓரத்தில் ஒடியாமல் இருக்கும்.

எது முடிந்தது என்பதிலும் கறாராக இருக்க வேண்டியிருக்கிறது. கடைசித் தையல் ஓடியது முடிவாகாது. நூல் முனைகள் வெட்டி, சாக் கறை தட்டி, அயர்ன் செய்து, எல்லா ஹூக்கும் மாட்டி, போட்டுப் பார்த்து, அந்தச் சேலைக்குள்ளேயே மடித்து பீரோவில் வைத்த பிறகுதான் காகிதத்தைக் கிழிக்கலாம். வெட்டியதில் மிஞ்சிய துணியில் ஒரு சாண் துண்டையும், அதே நூலில் இரண்டு முழத்தை ஒரு அட்டையில் சுற்றியும் அந்த மடிப்புக்குள்ளேயே வைத்துவிடுங்கள். இரண்டு வருடம் கழித்து பக்கம் பிரித்து விட வேண்டி வரும்போதோ ஹூக் ஒன்று தெறித்துப் போகும்போதோ, நூல் தேடிக் கடைக்குப் போக வேண்டியிருக்காது.